காற்று விழுந்தாலும் பட்டவண்டி ஓடும்

தை மாதத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது தெரியும். காற்று திடீரென்று விழுந்துவிட்டால் பட்டம் தளர்ந்து கீழே வரும். "சுண்டடா, சுண்டிச் சுண்டி எடு!" என்று பக்கத்தில் நிற்கும் அண்ணன்மார் கத்துவார்கள். சுண்டும்போதெல்லாம் பட்டம் ஒரு முழம் மேலேறும். காற்று கூடவில்லை. நாங்கள் இழுத்த வேகத்தில் பட்டம்தான் காற்றுக்குள் பாய்ந்தது.

பட்டம் இழுக்க ஓடும் வண்டிதான் பட்டவண்டி. மென்காற்றில் அதை ஓட்டுவதும் இதே வித்தைதான். தாழ்ந்த இருக்கை, மூன்று சக்கரம், காலால் திருப்பும் முன்சக்கரம், கையில் இரண்டு அல்லது நான்கு நூல் கட்டிய பட்டம். இதுதான் வண்டி. 1820களிலேயே இங்கிலாந்தில் ஜோர்ஜ் பொக்கொக் பட்டம் பூட்டிய வண்டியைத் தெருவில் ஓட்டிக் காட்டினார். இன்றைய சிறு வண்டியை 1990 அளவில் பரவச் செய்தவர் நியூசிலாந்தின் பீற்றர் லின்.

பட்டத்தின் இழுப்பு, அதன்மேல் படும் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்று மடங்கானால் இழுப்பு ஒன்பது மடங்கு. செக்கனுக்கு 3 மீற்றர் காற்றில் 5 சதுர மீற்றர் பட்டத்தை அசையாமல் பிடித்தால், ஏறத்தாழ 2 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்குத்தான் இழுக்கும். ஆளோடு வண்டி அசையாது. அதே பட்டத்தைக் காற்றுக்குக் குறுக்கே வீசி, அதன்மேல் படும் காற்றைச் செக்கனுக்கு 9 மீற்றராக்கினால் இழுப்பு 20 கிலோவை நெருங்கும். அதனால்தான் புறப்படும்போது பட்டத்தை மேலும் கீழுமாக, படுத்த எட்டுப்போல ஓட்டவேண்டும். வளைவுகள் அகலமாக இருக்கட்டும். குறுகத் திருப்பினால் சேர்த்த வேகம் அதிலேயே போய்விடும். பட்டத்தின் பின்விளிம்பில் கட்டிய பின்நூலையும் அதிகம் இழுக்காதீர்கள், பட்டம் காற்றை இழந்து தொங்கிவிடும். புதியவர்கள் பயத்தில் செய்யும் முதல் பிழை இது.

அடுத்தது திசை. காற்று போகும் பக்கமே வண்டியை விட்டால் சுகமாகத் தெரியும், ஆனால் வண்டி ஓட ஓடப் பட்டத்துக்குக் கிடைக்கும் காற்று குறையும். 3 மீற்றர் காற்றில் வண்டி 2 மீற்றர் வேகத்தில் போனால் மிச்சம் 1 மீற்றர்தான். குறுக்கே 3 மீற்றர் வேகத்தில் போனாலோ பட்டம் உணர்வது 4.2 மீற்றர். ஆகவே சற்றுக் காற்றோடு சாய்ந்து புறப்பட்டு, வேகம் சேர்ந்தபின் மெல்லக் குறுக்கே திரும்புங்கள். அப்புறம் வண்டியின் வேகமே காற்றைத் தரும். பட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தியும் ஓடலாம். பொறுமையில்லாமல் காற்றை எதிர்த்துத் திருப்பினால் எல்லாம் நின்றுவிடும்.

மணலும் முக்கியம். காரைநகர் கசூரினாக் கரை போன்ற இடத்தில் அலை நனைத்த மணலில் சக்கரம் உருளும், மேலே காய்ந்த மணலில் புதையும். வடமராட்சி மணற்காட்டின் மணற்குன்றுகளை இந்தக் காற்றில் நினைக்கவே வேண்டாம். நூல் மெல்லியதாகவும் சற்று நீளமாகவும் இருப்பது நல்லது. நிலத்தோடு உரசும் காற்று மெதுவானது, உயரத்தில் அது கூடுதல்.

கடைசியாக, திரும்பும் இடம். முதலில் பட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுவந்து மறுபக்கம் விழவிடுங்கள், பிறகு வண்டியைத் திருப்புங்கள். நூல் எப்போதும் விறைப்பாக இருக்கவேண்டும். தளர்ந்தால், பட்டம் விழும் பக்கத்துக்கு எதிராக வண்டியை ஓட்டி விறைப்பை மீட்டெடுங்கள். ஓட்டமில்லாமல் நின்றுவிட்டால் எழுந்து நாலடி பின்னால் நடந்தாலே போதும், நூல் மறுபடி விறைக்கும்.