‘ரெசிலியன்ஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன?

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடைச் சுவரில் துண்டறிக்கை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ‘கடலோர ரெசிலியன்ஸ் கலந்தாய்வு’ என்று தலைப்பு. கீழே நாள், நேரம், இடம். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா தம்பி அது, ரெசிலி...?”

“மீள்திறன்னு சொல்வாங்கக்கா.”

“அப்டீன்னா?”

“அடி வாங்கினாலும் பழையபடி திரும்பி வர்றது.”

அக்கா ஆற்றுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “எங்க திரும்பி வருது? அதுவும் எவ்ளோ நாளுக்குத்தான் ஈடு குடுக்கும்?” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்ன சொல்லைவிட அவர் வாயில் வந்த சொல்தான் பொருத்தமானது என்று அப்போதே பட்டது. அகராதிகளைப் புரட்டிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது.

முதலில் அந்த அயல்சொல்லின் கதை. லத்தீனில் ‘சலிரே’ என்றால் தாவு, குதி. ‘ரெ’ என்ற முன்னொட்டுக்குப் பின்னோக்கி, மறுபடியும் என்று பொருள். ‘ரெசிலிரே’ என்றால் பின்னுக்குத் தாவுவது. சுவரில் எறிந்த பந்து திரும்பி வருகிறதே, அதுதான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் மரத்துக்கும் இரும்புக்கும் பயன்படுத்தினார்கள். ஒரு உத்திரம் எவ்வளவு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு முறியாமல் பழைய வடிவத்துக்கு வரும் என்பதே அவர்கள் கேள்வி. இதுவரைக்கும் ‘மீள்’ என்ற தமிழ் வேர் சரியாகவே பொருந்துகிறது. நம் பள்ளி இயற்பியல் பாடத்திலும் ரப்பர், கம்பிச்சுருள் பற்றிய பகுதிக்கு ‘மீட்சிப் பண்பு’ என்றுதானே பெயர்!

1973இல் சொல்லின் பொருள் திசைமாறியது. கனடா நாட்டுச் சூழலியலாளர் ஹோலிங் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் இரண்டு பண்புகளைப் பிரித்துக் காட்டினார். கலைந்த ஒன்று சமநிலைக்குத் திரும்புவது நிலைத்தன்மை. எவ்வளவு ஆடினாலும், உள்ளே இருக்கும் உறவுகள் அறுந்துபோகாமல் நீடிப்பது ரெசிலியன்ஸ். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று கனடாவின் ஊசியிலைக் காடு. அங்கே மொட்டுகளைத் தின்னும் ஒரு புழு பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை கோடிக்கணக்கில் பெருகி, முதிர்ந்த ஃபிர் மரங்களை அழித்துவிடும். அந்த இடைவெளியில்தான் ஸ்புரூஸும் பிர்ச்சும் பிழைத்து வளர்கின்றன. புழுவே வராமல் போனால் ஃபிர் மற்ற மரங்களை நெருக்கித் தள்ளிவிடும். ஆக, அந்தக் காட்டுக்கு நிலைத்தன்மை குறைவு, ரெசிலியன்ஸ் அதிகம். ஒரு நாளும் அது ‘பழையபடி’ இருந்ததில்லை. காடாக மட்டும் இருந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பொருளில்தான் சொல் உலகம் சுற்றியது. உழவுக்கும் ஆற்றுக்கும் மனத்துக்கும் நகரத்துக்கும் வந்தது. நகரங்களின் ரெசிலியன்ஸை வளர்க்க அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தொடங்கிய நூறு நகரங்கள் திட்டத்தில் சென்னையும் சேர்க்கப்பட்டு, 2019இல் சென்னைக்கென்று ஓர் உத்தி அறிக்கையும் வந்தது. தமிழில் மீள்திறன், மீண்டெழும் திறன், நெகிழ்திறன், தாங்குதிறன் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். தாங்குதிறன் மோசமில்லை, ஆனால் அது தூணுக்கும் பாலத்துக்கும் உரிய சொல். பாரத்தைச் சுமந்து அசையாமல் நிற்பதைத்தான் அது சொல்லும். நெகிழ்திறன் வளைவதைச் சொல்கிறது, வளைந்தபின் என்ன ஆனது என்பதைச் சொல்லவில்லை.

சரி, ‘ஈடு’ எங்கிருந்து வந்தது? இடு என்ற வினை முதலெழுத்து நீண்டு ஈடு ஆனது. கெடு கேடானதும், சுடு சூடானதும், படு பாடானதும் இதே வழியில்தான். பழவேற்காட்டில் மீனவர்கள் முறைவைத்து ஏரியில் வலைபோடும் ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர், அதுவும் இந்த இலக்கணக் குடும்பத்துப் பிள்ளையே. இடுவது, அதாவது வைப்பது என்ற மூலப்பொருளிலிருந்து ஈடு பல வீடுகளுக்குப் போயிருக்கிறது. ஒரு தடவை தட்டில் ஊற்றி வைக்கும் இட்லி ஓர் ஈடு. கடனுக்கு நகையை வைத்தால் அது ஈடு. ஒன்றுக்குச் சமமாக வைக்கத்தக்கது அதற்கு ஈடு, அப்படி வைக்க ஏதும் இல்லையென்றால் ஈடில்லாதது. இழந்ததற்குப் பதிலாகத் தருவது இழப்பீடு. எதிரே வருவதற்குச் சமமாகத் தன்னிடமிருந்து எடுத்துவைப்பது ஈடுகொடுத்தல். ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கிறான், விலைவாசிக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று தினமும் பேசுகிறோம்.

இந்தச் சொல்லின் அருமை என்னவென்றால், கேட்டவுடனே ‘எதற்கு?’, ‘எதை வைத்து?’ என்ற இரண்டு கேள்விகளும் கூடவே வந்துவிடும். மீள்திறன் என்றால் அந்தக் கேள்விகள் எழுவதில்லை. ஏதோ பிறவிக்குணம் போல ஒலிக்கிறது.

ஆற்றிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியைத் தாண்டி வந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. கழிமுகத்தில் எதுவுமே ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓதம் ஏறும்போது உப்பு, வற்றும்போது கலங்கல், ஐப்பசி கார்த்திகை மழையில் நன்னீர், கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடு. இத்தனை மாற்றத்துக்கும் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் காலங்காலமாக ஈடுகொடுத்தன. எதை வைத்து? ஆறு அகலமாகப் பரந்து நின்ற சதுப்பை வைத்து, ஆழத்தை வைத்து, அலையாத்தி வேர்களின் மறைவை வைத்து, ஒரு இனம் குறைந்த பருவத்தில் இன்னொரு இனம் கூடும் அந்தப் பன்மையை வைத்து. அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தபோது ஆழம் போனது. கரையை நிரப்பிக் கட்டியபோது அகலம் போனது. வைப்பாக இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஆறு திரும்பி வரும் என்று காத்திருக்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். அலையாத்திச் செடிகளில் எல்லாம் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இலை பச்சை, கீழே தார் பூசியது போல. தொட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியும் மறுநாள் வரை நாற்றம் போகவில்லை. அப்போது மீனவர்கள் கேட்டது இழப்பீடு. கேட்டது நியாயம். ஆனால் சொல்லைக் கவனியுங்கள், இழந்தபின் மனிதர் கைக்கு வரும் ஈடு அது. ஆற்றுக்கு அதிலிருந்து எதுவும் போய்ச் சேராது.

இன்னொன்றும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது. காக்கா ஆழி என்று இப்பகுதி மீனவர்கள் பெயரிட்டிருக்கும் ஒரு கறுப்புச் சிப்பி, கொத்துக் கொத்தாக ஆற்றுத் தரையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சேர்ந்த இனம். கப்பல்கள் எடைச் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் தண்ணீரில் இப்படிப்பட்ட உயிர்கள் கடல் கடந்து வருவதுண்டு. நூல் போன்ற இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சேறே தெரியாதபடி பாய் விரித்துவிடும். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கைவிட்டு இறால் தடவுகிறவர்களுக்குத் தடவச் சேறு வேண்டுமே! மட்டி புதைந்து வாழவும் சேறுதான் வேண்டும். அந்தப் பாயை அள்ளி வீசினாலும் மீண்டும் வளர்கிறது. அதற்கும் ரெசிலியன்ஸ் உண்டு என்றுதான் சூழலியல் சொல்லும். கெட்டுப்போன நிலையும் விடாப்பிடியாக நீடிக்கும். ‘மீள்திறன்’ என்று மொழிபெயர்த்தால் இந்த முக்கியமான பொருள் தொலைந்துவிடுகிறது, ஏனென்றால் மீள்வது நல்லது என்று தமிழ் காது முன்பே முடிவு செய்துவிட்டது. கடனிலிருந்து மீள்கிறோம், நோயிலிருந்து மீள்கிறோம், அடகு நகையை மீட்கிறோம்.

வயலுக்குப் போனால் இன்னும் தெளிவாகும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் நெல் விளையும் பூமி. சாதாரண நெற்பயிர் வெள்ளத்தில் மூழ்கினால், உள்ளே எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்கும். அது தரும் தூண்டுதலில் பயிர் மூச்சுக்குத் தவித்துத் தலையை நீட்டும். நீட்டி நீட்டிச் சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நிற்கச் சத்தில்லாமல் சாய்ந்துவிடும். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றில் ‘சப் 1’ என்ற மரபணுப் பகுதி இருக்கிறது. அது உள்ள பயிர் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் வரை அப்படிக் கிடந்து, வெளிச்சம் பட்டதும் கையில் மிச்சமிருக்கும் சத்தை வைத்துத் துளிர்க்கும். அந்தப் பண்பைச் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப் 1 இந்தியாவில் 2009இல் வெளிவந்தது. நம் பக்கத்துச் சி.ஆர். 1009, பொன்மணி என்று உழவர்கள் சொல்வார்களே, அதிலும் இந்தப் பண்பைச் சேர்த்திருக்கிறார்கள்.

வங்கதேசத்து ஆழ்நீர் நெல்லோ நேர் எதிர். தண்ணீர் ஏற ஏற ஒரே நாளில் 25 செ.மீ. வரைகூட வளர்ந்து தலையை மேலே வைத்துக்கொள்ளும். அங்கே வெள்ளம் மாதக்கணக்கில் நிற்கும், அடங்கிக் கிடந்தால் அழுகிப்போகும். தண்ணீர் ஒன்று, ஈடுகொடுக்கும் வழி இரண்டு. வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் எந்த வழி சரி என்று தீர்மானிக்கிறது. இரண்டு பயிருமே வெள்ளத்துக்கு முன் இருந்த பயிராகத் திரும்புவதில்லை.

நிலத்தடி நீரும் அப்படித்தான். மீஞ்சூர்ப் பகுதியில் மண்ணுக்குள் இருந்த நன்னீரின் அழுத்தம் கடலை வெளியே நிறுத்தியிருந்தது. நகரத்துக்கும் பாசனத்துக்கும் அளவுமீறி இறைத்ததில் அந்த எதிர்ப்பு தளர்ந்து, கடல் உள்ளே நுழைந்தது. 1960களின் இறுதியிலேயே இது கண்டறியப்பட்டது. உப்பேறிய கிணறு ஒரு நல்ல மழையில் தித்தித்துவிடாது. அதே கடலோரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கான ஆலை 2010இல் திறக்கப்பட்டது.

வாசிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது, ஏனென்றால் தமிழ் வாசகர்கள் ஈடுகொடுத்த கதை பெரியது. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். தேர்ந்த வாசகருக்கும் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கியே இருக்கும் என்று ஆங்கில வாசிப்பை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். லத்தீன் ‘ரெசிலிரே’ அப்படியே நடக்கும் இடம் இதுதான், பின்னுக்குத் தாவுவது! ஆனால் தாவிய கண் பழைய இடத்தில் பழைய பொருளைக் காண்பதில்லை. பிந்திய சொல் தெரிந்த பிறகு முந்திய சொல்லைத் திருத்திப் படித்துக்கொண்டு முன்னே போகிறது.

ஓலைச்சுவடிகளில் புள்ளி இருக்காது, சொல் இடைவெளி இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அந்தக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டும் வரை, வாசிப்பவர் தானே நிரப்பிக்கொண்டார். அப்புறம் எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1935இல் தம் பத்திரிகையில் தொடங்கி வைத்தது, 1978இல் அரசாணையானது. ணை, லை, ளை, னையின் துதிக்கைக் கொம்பு உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. மாறிய ஆண்டு யாரும் படிப்பதை நிறுத்தவில்லை. இன்றைய கல்லூரிப் பிள்ளை ஒருவரிடம் 1960களின் வார இதழைக் கொடுத்தாலும் நாலு வரியில் பழகிவிடுவார்.

எதை வைத்துப் பழகுகிறார்? ஏற்கெனவே தெரிந்த சொற்களை வைத்து. எங்கள் வீட்டில் திருவொற்றியூர் மனைக்கான ஒரு பழைய பத்திரம் இருக்கிறது. உரைநடைப் பகுதியைச் சரளமாகப் படித்தேன். எல்லை சொல்லும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அடிக்கணக்கைத் தமிழ் எண்களில் எழுதியிருந்தார்கள். ஒரு எண்ணைப் பக்கத்து எண்ணை வைத்து ஊகிக்க முடியாது. கையிருப்பு தீர்ந்த இடம் அது.

ஆகவே, கம்பிச்சுருளுக்கும் எஃகுக்கும் மீள்திறன் இருக்கட்டும். உயிருள்ளவற்றுக்கு ‘ஈடுகொடுதிறன்’ என்று எழுதலாம். தாங்குதிறன் போலவே இது வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது. ஈடுகொடுக்கும் பயிர், ஈடுகொடுக்காத நகரம் என்று எளிதாக வாக்கியத்தில் அமரும். ‘வெள்ளத்துக்கு ஈடுகொடுக்கும்’ என்று நான்காம் வேற்றுமையைக் கேட்டு வாங்குவதால், எதற்கு என்று சொல்லாமல் விட்டால் அந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

அக்காவை மறுபடி பார்த்தபோது தலைப்பை மாற்றிச் சொல்லிக் காட்டினேன்: ‘கடலோர ஊர்கள் ஈடுகொடுக்க என்ன வேண்டும்?’

“இப்டி எழுதியிருந்தா நானே போயிருப்பேன் தம்பி” என்றார். மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே சொன்னார்: “மொதல்ல ஆத்துல கெடக்குற சாம்பல வாரச் சொல்லு.”