வேக வீரரும் கவிழும் பந்தும்

அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மலைபோன்ற ஆட்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் அமெரிக்க கால்பந்தில், 75 கிலோ மட்டுமே எடையுள்ள இளைஞர் ஒருவரை, நன்றாக ஓடுகிறார் என்பதற்காக ஒரு பெரிய அணி முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கிறதே, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு அவ்வளவு மதிப்பா என்பது அவருடைய கேள்வி. விடையில் பாதி ஓடுபவரின் காலில் இருக்கிறது. மீதிப் பாதி, அவரைத் தேடி வரும், இரு முனைகளும் கூம்பிய நீள்பந்தின் மூக்கில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

வாசகர் குறிப்பிடும் இளைஞர் சேவியர் வொர்தி. 2024 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த தேர்வு முகாமில் அவர் 40 கஜ தூரத்தை 4.21 நொடியில் ஓடி, 2017இல் ஜான் ராஸ் பதித்த 4.22 நொடி என்ற சாதனையை முறியடித்தார். அடுத்த மாதம், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி, பஃபலோ பில்ஸ் அணியோடு பேரம் பேசி அதன் இடத்தைப் பெற்றுக்கொண்டு, 28ஆவது தேர்வாக அவரை எடுத்தது. சீஃப்ஸ் அணிக்கு அப்படியொருவர் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட டைரீக் ஹில் என்ற ரிசீவரை, அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வீரரை, ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளைப் பெற்றுக்கொண்டு அந்த அணி 2022 மார்ச்சில் மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டது. அதன் பிறகும் அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியன் பட்டத்தை வென்றது என்றாலும், பந்தை எறியும் குவாட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ் கையிலிருந்து புறப்படும் நீண்ட பாஸ்கள் முன்போல் எளிதாக அமையவில்லை.

ஓட்டத்தின் கணக்கு எளிது. முழு வேகத்தில் ஓடும் ரிசீவர் நொடிக்கு ஏறத்தாழ 10 கஜம் கடக்கிறார். அவரைத் துரத்தும் தடுப்பாட்டக்காரர் அதே 40 கஜத்தை 4.35 நொடியில் ஓடுபவராக இருந்தால், முடிவில் இருவருக்கும் இடையே 1.4 கஜம், அதாவது 1.3 மீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். நீட்டிய கைக்கு எட்டாத தூரம் அது. பந்தின் நீளமோ 28 சென்டிமீட்டர்தான். போதாக்குறைக்கு, தடுப்பாட்டக்காரர் பெரும்பாலும் பின்னோக்கி நகர்ந்தபடி தொடங்கி, எதிராளி தன்னைக் கடக்கும் கணத்தில் இடுப்பைத் திருப்பி ஓட வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில் அவர் இழக்கும் நேரத்தை வேக வீரரிடமிருந்து அவரால் திரும்பப் பெற முடியாது.

பந்து அவரிடம் வராத ஆட்டங்களிலும் இந்த வேகம் வேலை செய்கிறது. ஆடுகளத்தின் அகலம் 53⅓ கஜம். கடைசி வரிசையில் நிற்கும் ‘சேஃப்டி’ எனப்படும் காவலர்கள், வேக வீரருக்கு அஞ்சி மூன்று கஜம் பின்னால் தள்ளி நின்றார்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் 160 சதுர கஜம் காலியாகிறது. நம் ஊர்க் கணக்கில் மூன்று சென்ட்டுக்கும் சற்று அதிகமான இடம். மற்ற வீரர்கள் குறுகிய பாஸ்களைப் பிடித்து முன்னேறுவது அந்த இடத்தில்தான். ஓட்ட வேகம் மட்டும் ஒருவரைச் சிறந்த ரிசீவர் ஆக்கிவிடாது என்பதற்கு, காயங்களால் பெரிதும் பாதிக்கப்பட்ட ஜான் ராஸின் ஆட்ட வாழ்க்கையே சான்று. ஆனாலும் அணிகள் மீண்டும் மீண்டும் வேகத்தைத் தேடிப் போவதற்கு இந்த நிலக்கணக்கே காரணம் என்பது என் எண்ணம்.

இனி பந்துக்கு வருவோம். ஐம்பது கஜம் போகும் பாஸ் ஏறத்தாழ மூன்று நொடி காற்றில் இருக்கிறது. அந்த மூன்று நொடியில் ரிசீவர் 30 கஜம் ஓடிவிடுவார். ஆகவே குவாட்டர்பேக் எறிவது ஆள் இல்லாத வெற்றிடத்தை நோக்கி. பந்து வழியில் தள்ளாடிக் குறுக்காகத் திரும்பினால், காற்றின் எதிர்ப்பு பல மடங்கு கூடி, பந்து முன்கூட்டியே இறங்கிவிடும். அப்போது ரிசீவர் ஓட்டத்தைக் குறைத்து அதற்காகக் காத்திருக்க வேண்டும். அரும்பாடுபட்டுச் சேர்த்த அந்த 1.3 மீட்டர் அங்கேயே கரைந்துபோகும். எனவே பந்து பாதை நெடுக மூக்கை முன்னால் வைத்தே பறக்க வேண்டும். மேலே ஏறும்போது மூக்கு மேல்நோக்கியும், கீழே இறங்கும்போது கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். நல்ல எறிதலை மெதுவாக ஓடவிட்ட காட்சியில் பாருங்கள்: வளைந்த தண்டவாளத்தில் போகும் ரயில் எஞ்சினைப்போல, பந்தின் முனை பாதையின் வளைவோடு ஒட்டியே கவிழ்ந்து வருகிறது.

இது நியாயப்படி நடக்கவே கூடாது என்பதுதான் வியப்பு. எறிபவரின் விரல்கள் பந்தை விட்டு உருண்டு விலகும்போது அதற்கு நொடிக்குப் பத்துச் சுற்று அளவுக்குச் சுழற்சி கிடைக்கிறது. சுழலும் பொருளுக்குக் கோண உந்தம் உண்டு என்பதும், வெளியிலிருந்து திருப்பு விசை ஏதும் செயல்படாதவரை அதன் அச்சு திசை மாறாது என்பதும் பள்ளியில் படித்தவையே. பூமியின் அச்சு ஆண்டு முழுவதும் துருவ நட்சத்திரத்தையே நோக்கியிருப்பதும் இதனால்தான். புவியீர்ப்பு பந்தின் பாதையை வளைக்கிறது. ஆனால் அது நிறை மையத்தின் வழியாகச் செயல்படுவதால் பந்தைத் திருப்புவதில்லை. அப்படியானால் மேல்நோக்கிப் புறப்பட்ட மூக்கு கடைசிவரை மேல்நோக்கியே இருந்து, பந்து வால் முதலாகத் தரையில் விழ வேண்டும். காற்றில்லாத நிலவில் எறிந்தால் உண்மையிலேயே அப்படித்தான் விழும்.

ஆக, மூக்கைக் கவிழ்ப்பது காற்று. எப்படி என்று கேட்டால், அம்பின் வாலில் இருக்கும் இறகைப்போல் காற்று பந்தின் பின்பகுதியைப் பிடித்து நேராக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பந்துக்கு இறகு கிடையாது. இரு முனைகளும் ஒரே மாதிரியானவை. மூக்கு பாதையிலிருந்து சற்று விலகினால், காற்றின் விசை நிறை மையத்துக்கு முன்னால் செயல்பட்டு, மூக்கை இன்னும் அதிகமாக விலக்கவே பார்க்கிறது. சுழற்சி இல்லாமல் எறிந்த பந்து குட்டிக்கரணம் போடுவது இதனால்தான். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரானதைக் காற்று செய்கிறது. ஆனால் விளைவோ நமக்கு வேண்டியதாகவே அமைகிறது.

முடிச்சை அவிழ்ப்பது பம்பரம். சாய்ந்து சுற்றும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே தள்ளப் பார்க்கிறது. பம்பரமோ விழாமல், தள்ளிய திசைக்குச் செங்குத்தாக நகர்ந்து, தலையாட்டியபடி வட்டமிடுகிறது. சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது வேறு பக்கம் போகும். கழற்றிய சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் சக்கரத்தைச் சுற்றிவிடச் சொல்லி, அச்சின் ஒரு முனையை மட்டும் தூக்கிப் பாருங்கள். சக்கரம் மேலே வராமல் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போவதை உங்கள் மணிக்கட்டே உணரும்.

இதே விதியைப் பந்துக்குப் பொருத்துவோம். எறிபவருக்குப் பின்னால் நின்று பார்த்தால், வலக்கையால் எறிந்த பந்து கடிகார முள் திசையில் சுழல்கிறது. பாதை மெல்ல வளைந்து தாழத் தொடங்கியதும், மூக்கு பாதைக்குச் சற்று மேலே நிற்கிறது. காற்று அதை மேலும் மேலே தள்ளுகிறது. சுழற்சியோ அந்தத் தள்ளலை வலப்பக்க நகர்வாக மாற்றிவிடுகிறது. இப்போது மூக்கு வலப்பக்கம் விலகி நிற்பதால், காற்று அதை மேலும் வலப்பக்கம் தள்ளுகிறது. சுழற்சி இந்தத் தள்ளலைக் கீழ்நோக்கிய நகர்வாக மாற்றுகிறது. மூக்கு கவிழ்கிறது! பந்தைக் குட்டிக்கரணம் போட வைக்க முயன்ற அதே காற்று, சுழற்சியின் கையில் அகப்பட்டு, பந்தைப் பாதையோடு ஒட்ட வைக்கும் கருவியாகிவிடுகிறது. இதை முதன்முதலாகத் தாளில் அம்புக்குறிகள் போட்டுப் புரிந்துகொண்ட மாலையில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நெடுநேரம் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன்.

சுழன்று செல்லும் பீரங்கிக் குண்டுகளுக்கு இது பொருந்தும் என்பது முன்பே தெரிந்த செய்தி. கால்பந்துக்கு இதைத் தெளிவான, எளிய கணக்காக எழுதிக் காட்டியவர்கள் ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மோஸ், டிமோதி கே ஆகிய மூன்று இயற்பியலாளர்கள். அவர்களுடைய கட்டுரை 2020இல்தான் வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் வாரந்தோறும் கண்ணால் பார்க்கும் ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு தாமதமாகத் தெளிவான விளக்கம் கிடைத்திருப்பது, இயற்பியலில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி. நிதி கேட்டு வரும் இளம் ஆய்வாளரிடம் “இதனால் யாருக்கு என்ன பயன்?” என்பதையே முதல் கேள்வியாக வைக்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது. பந்தின் மூக்கு ஏன் கவிழ்கிறது என்று ஒருவர் விண்ணப்பித்தால், அது முதல் பக்கத்தைத் தாண்டுமா என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இத்தகைய சிறிய கேள்விகளுக்குப் பெரிய தொகை தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் யோசிக்க விடும் பொறுமைதான் தேவை.

வொர்தியின் வேகம் சீஃப்ஸ் எதிர்பார்த்தபடியே பயன்பட்டது. 2024 செப்டம்பரில் தம் முதல் ஆட்டத்திலேயே, முதன்முறையாகப் பந்தைத் தொட்டபோதே, 21 கஜம் ஓடிப் புள்ளி சேர்த்தார். 2025 பிப்ரவரியில் நடந்த, லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் அணி 22-40 என்று தோற்றபோதும், அவர் மட்டும் 157 கஜ தூரத்துக்குப் பாஸ்களைப் பிடித்திருந்தார்.

மூக்கு வலப்பக்கம் சற்று விலகியே பறக்கிறது என்றேன் அல்லவா? அதனால் காற்று பந்து முழுவதையும் சிறிது வலப்பக்கம் ஒதுக்குகிறது. இடக்கையால் எறிந்தால் சுழற்சி, விலகல், ஒதுக்கம் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகிவிடும். வலக்கை வீரரான மஹோம்ஸிடமிருந்து 2022இல் மயாமிக்குப் போன டைரீக் ஹில்லுக்கு அங்கே பாஸ் எறிந்த டுவா டகோவைலோவா இடக்கைக்காரர். ஆறு பருவங்களாக வலப்பக்கம் ஒதுங்கிய பந்துகளைத் தோளுக்கு மேல் பார்த்துப் பிடித்துப் பழகிய கண், இனி இடப்பக்கம் ஒதுங்கும் பந்தைக் கணிக்க வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்படி அவர் பிடித்த பாஸ்களின் மொத்தத் தூரம் 1,799 கஜம். அந்த ஆண்டு லீக்கில் வேறு எவரும் அந்தத் தூரத்தை எட்டவில்லை.