பிளாக்செயின்: சங்கிலியா, ஏடா?

சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008இல் வெளியான பிட்காயின் கட்டுரையில் 'பிளாக்செயின்' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. பிளாக், செயின் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டது பின்னால்.

பிளாக் என்பது இங்கே பதிவுகளின் கட்டு. ஒவ்வொரு கட்டும், முந்தைய கட்டில் உள்ளதிலிருந்து கணக்கிட்ட 'ஹாஷ்' என்ற சுருக்கக் குறியைச் சுமந்திருக்கும். நம் அந்தாதி மாதிரி: ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம், நடுவில் ஒன்றை உருவினால் தொடை அறுந்துவிடும். ஆனால் அந்தாதியில் பாட்டின் நடுவே ஒரு சொல்லை மாற்றினால் தப்பித்துவிடலாம். இங்கே ஓர் எழுத்து மாறினாலும் குறி மொத்தமும் மாறி, அடுத்த கட்டோடு ஒட்டாது.

தமிழில் 'கட்டச்சங்கிலி', 'தொகுதிச் சங்கிலி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பூட்டிக் காப்பது போன்ற நினைப்பைத் தருகிறது சங்கிலி. எனக்குத் 'தொடரேடு' பிடிக்கும். ஏட்டின் வேலை எழுதி வைப்பது, அவ்வளவுதான்.

இதை மறந்தால், கணினி விளையாட்டில் வாங்கும் பொருளைத் தொடரேட்டில் பதிந்துவிட்டால் அது என்றும் நமதே என்ற பேச்சில் ஏமாறுவோம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் தன் பாத்திரத்தின் மந்திரம் ஒன்றிலிருந்த தாக்கும் சக்தியை நிறுவனம் நீக்கியபோது அழுததாக எத்தீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கிய விட்டாலிக் புத்தெரின் எழுதியிருக்கிறார். சரி, அந்த மந்திரம் தொடரேட்டில் இருந்திருந்தால்? 'இது இன்னாருடையது' என்ற வரி அழியாது. மந்திரம் எவ்வளவு தாக்கும் என்பதோ நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அங்கே குறைத்தால் குறைந்ததுதான். அப்புறம், வாங்கிய வாளை வேறு விளையாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பார்கள். அந்த விளையாட்டைச் செய்தவர் அதை ஏற்று, வரைந்து, நிரல் எழுதினால்தானே?

2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்கான ரோனின் என்னும் பிளாக்செயின் பிணையத்தில், பணம் எடுக்க ஒப்புதல் தரும் 9 சாவிகளில் (ரகசியக் குறிகளில்) 5 திருடர் கையில் சிக்கின. 60 கோடி டாலருக்கு மேல் போயிற்று. திருட்டையும் ஏடு ஒழுங்காகப் பதிந்துகொண்டது.

இணைய அடையாளத்தில் கொஞ்சம் பயன் உண்டு. சான்றிதழ் தந்தவரின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க அவருடைய பொதுச்சாவி, அதாவது எல்லோரும் பார்க்கத் தரும் குறி, வேண்டும். அதைத் தொடரேட்டில் வைக்கலாம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2022இல் வெளியிட்ட, ஒரே நிறுவனத்தைச் சாராத 'பரவல் அடையாள'த்துக்கான தரமோ தொடரேடு கட்டாயம் என்று சொல்லவில்லை. பெயர், பிறந்த தேதி போன்றவற்றை அதில் எழுதவே கூடாது. பிறகு அழிக்க வழியில்லை. நாம் மட்டும் வைத்திருக்கும் ரகசியச் சாவியைத் தொலைத்தாலும் அதே கதைதான், 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று கேட்கும் பொத்தான் அங்கே இல்லை.