இறப்புச் சான்றிதழில் ‘கொரோனா’ என்று இருக்காது. 50,000 ரூபாய்க்கு அது தேவைப்படவும் இல்லை

எங்கள் தெருவில் இன்னமும் வருஷத்துக்கு ஓரிருவராவது வந்து கேட்கிறார்கள். “கொரோனாவுல செத்தவங்களுக்கு ஐம்பதாயிரம் குடுத்தாங்களாமே, எங்களுக்கு ஏன் வரல?” ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “சான்றிதழ்ல கொரோனான்னு போடலியே, அதனால கிடைக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

இதில் வேடிக்கை என்னவென்றால், இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று யாருக்குமே போட்டிருக்காது. மாரடைப்பு என்றோ புற்றுநோய் என்றோகூட இருக்காது. உங்கள் வீட்டில் பழைய இறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், தேதி, இடம், முகவரி இருக்கும். எதனால் இறந்தார் என்ற வரியே இருக்காது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டவே கூடாது என்கிறது. சட்டப்படி இருக்கக் கூடாத வார்த்தையைக் காணோம் என்று சொல்லி மக்களை அலைய விட்டார்கள்.

காரணம் எழுதியிருப்பது வேறொரு தாளில். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் கடைசியாகப் பார்த்த டாக்டர் எழுதும் படிவம் 4அ. அது பதிவாளருக்குப் போகும். வீட்டாரில் பலர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. (2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்கும் ஆஸ்பத்திரி தர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்த நோயாக இருந்தாலும்.)

சரி, ஐம்பதாயிரம் எங்கிருந்து வந்தது? 2020 மார்ச் 14 அன்று மத்திய உள்துறை கொரோனாவைப் பேரிடராக அறிவித்தது. அன்று முதலில் வந்த கடிதத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று இருந்தது. அன்றைக்கே திருத்திய கடிதம் வந்தது, அதில் அந்த வரி இல்லை. அந்த 4 லட்சத்தைக் கேட்டுத்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 30-இல் நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா அமர்வு, எவ்வளவு என்பதை நாங்கள் சொல்ல மாட்டோம், ஆனால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி ஏதாவது ஒரு தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்றது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் செப்டம்பர் 11 அன்று 50,000 என்று நிர்ணயித்தது. பணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வந்தது. ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் இறந்திருந்தால் இரண்டு ஐம்பதாயிரம்.

அதே ஆண்டு அக்டோபர் 4-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த உத்தரவுதான் முக்கியம். பாசிட்டிவ் என்று தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா இறப்புதான், வீட்டில் இறந்திருந்தாலும் சரி. சேர்த்த ஆஸ்பத்திரியிலேயே 30 நாள் தாண்டிப் படுத்திருந்து இறந்தாலும் சேரும். பாசிட்டிவ் ஆன 30 நாளுக்குள் தற்கொலை செய்துகொண்டவர்கள் குடும்பத்துக்கும் உண்டு. இது முதலில் இல்லை, நீதிமன்றம் கேட்ட பிறகு சேர்த்தார்கள். கொலை, விபத்து, விஷம் என்றால் கிடையாது. முப்பது நாள் கணக்கும் குருட்டாம்போக்கில் போட்டதல்ல. இறந்தவர்களில் 95 சதவீதம் பேர் பாசிட்டிவ் ஆன 25 நாளுக்குள்ளேயே இறந்ததாக ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு சொன்னது, அதோடு ஐந்து நாள் கூட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றில் காரணம் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது என்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் கதையைச் சொன்னால் சுலபமாகப் புரியும். அவர் கணவர் ஆட்டோ ஓட்டினார். 2021 மே மாதம் பாசிட்டிவ், ஆறு நாள் ஆஸ்பத்திரி, பிறகு டிஸ்சார்ஜ். பரிசோதனை செய்த பதினாறாம் நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். 2022 பொங்கல் கழிந்து அக்கா விசாரிக்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர், “மாரடைப்புக்கெல்லாம் கிடையாதும்மா” என்று அனுப்பிவிட்டார். அக்கா என்னிடம் வந்தார். “பாசிட்டிவ்னு ரிப்போர்ட் இருக்காக்கா?” என்றேன். “அந்தப் பையை அன்னைக்கே ஆத்துல போட்டுட்டோம் தம்பி, வீட்ல வெச்சிருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.”

ரிப்போர்ட் போய்விட்டது. ஆனால் பரிசோதனை முடிவு எஸ்.எம்.எஸ்-ஸாகவும் வரும், மாதிரி எடுக்கும்போது தரும் எஸ்.ஆர்.எஃப். எண்ணோடு. அவர் போன் எங்கே என்று கேட்டால், கல்லூரியில் படிக்கும் மகன் ஆன்லைன் வகுப்புக்கு அதைத்தான் வைத்திருந்தான். ரீசார்ஜ் விளம்பரம், பேங்க் மெசேஜ் என்று எட்டு மாதக் குப்பையை விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால், அப்பாவின் பெயர், வயது, எண், பாசிட்டிவ் என்ற வார்த்தை, தேதி. தேதிக்கும் இறப்புக்கும் இடையே பதினாறு நாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரின்ட் போட்டு, இறப்புச் சான்றிதழ், ஆதார், டிஸ்சார்ஜ் சம்மரி, வாரிசு விவரம் எல்லாம் சேர்த்து அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்தோம். “மாரடைப்பு” அப்படியேதான் இருந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

பாசிட்டிவ் ரிப்போர்ட்டே இல்லாதவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை நெகட்டிவ், ஆனால் சி.டி. ஸ்கேனில் நுரையீரல் வெளுத்துக் கிடக்கிறது, ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டில்தான் வைத்தார்கள் என்றால், டாக்டர் மருத்துவ ரீதியாகக் கொரோனா என்று முடிவு செய்ததாகக் கணக்கு. அதுவும் விதியில் வருகிறது. ஆஸ்பத்திரிக்கே போகாமல், பெட் கிடைக்காமல், ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு வீட்டில் இறந்தவர்கள்? விதி, உள்நோயாளியாக வைத்துப் பார்த்த டாக்டர் முடிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். யாருக்குப் பெட் கிடைக்கவில்லையோ அவர்களிடம்தான் காகிதமும் இல்லை.

இப்படிக் குழப்பமான விண்ணப்பங்களைப் பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குறைதீர் குழு இருந்தது. கூடுதல் ஆட்சியர் நிலை அதிகாரி, மாவட்ட சுகாதார அதிகாரி, மருத்துவக் கல்லூரி தரப்பில் ஒருவர், துறை நிபுணர் ஒருவர். ஆஸ்பத்திரியிலிருந்து கேஸ் ஷீட்டை (சிகிச்சைக் குறிப்புகளை) வரவழைக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது; ஆஸ்பத்திரி தர மறுக்க முடியாது. மனு வந்த 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது, எழுத்துப் பிழை இருக்கிறது என்பதற்காகத் தள்ளக் கூடாது, சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பொய் ஆவணம் கொடுத்து வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்பதும் அதே பேரிடர் சட்டத்தில் இருக்கிறது.

பணம் வந்த விதத்திலும் ஒரு குட்டிக் கதை. அக்கா தினமும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போவார், ஒன்றும் இருக்காது. பிறகுதான் உறைத்தது. ஆதார் வழியாக அரசு பணம் போட்டால், நாம் ஜெராக்ஸ் கொடுத்த பாஸ்புக்குக்குப் போகாது. கடைசியாக எந்த பேங்கில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தோமோ அங்கே போகும். அக்கா எப்போதோ கேஸ் மானியத்துக்காகத் திறந்து மறந்துபோன ஜன்தன் கணக்கு ஒன்று இருந்தது. ஐம்பதாயிரம் அங்கே பத்து நாளாகக் கிடந்தது. ஊக்கத்தொகை, கிசான் பணம், நூறு நாள் வேலைக் கூலி என்று எது வரவில்லை என்றாலும் முதலில் இதைப் பாருங்கள். ஆதார் எந்த பேங்கில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இப்போது விண்ணப்பித்தால் கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. மார்ச் 20-க்கு முன் இறந்தவர்களுக்கு அன்றிலிருந்து 60 நாள், அதன் பிறகு இறந்தவர்களுக்கு இறந்த தேதியிலிருந்து 90 நாள். அந்தக் கெடு முடிந்து வருஷங்கள் ஆகின்றன. மிகுந்த இக்கட்டால் விண்ணப்பிக்க முடியாதவர்கள் குறைதீர் குழுவிடம் போகலாம், தகுதியைப் பார்த்து அவர்கள் முடிவு செய்யலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து அதை நம்பி யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். “நான் வாங்கித் தர்றேன், ரெண்டாயிரம் குடுங்க” என்று வருகிறவரைத் திண்ணையிலேயே திருப்பி அனுப்புங்கள். அப்போது விண்ணப்பித்து, நிராகரித்த கடிதம் கையில் இருக்கிறவர்கள் மட்டும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். அங்கே ஆலோசனை இலவசம்.

இன்னும் உயிரோடு இருப்பது குழந்தைகளின் பணம். இதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். 2021 மே 29 அன்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. தமிழ்நாடு அரசு, கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் 5 லட்சம் டெபாசிட் போட்டு 18 வயதில் வட்டியோடு தருவதாகச் சொன்னது. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 3,000. பட்டப் படிப்பு வரை கல்விச் செலவு. பெற்றோரில் ஒருவரை இழந்திருந்தால் மற்றவருக்கு உடனடியாக 3 லட்சம். மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டம் வேறு கணக்கு: 18 வயதில் 10 லட்சம் ஆகும்படி டெபாசிட், அதிலிருந்து 18 முதல் 23 வரை மாத உதவி, 23 முடிந்ததும் மொத்தத் தொகை கைக்கு.

அன்று பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளைக்கு 2026-இலோ 2027-இலோ 18 ஆகிறது. பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வளரும் அந்தப் பிள்ளையிடம் டெபாசிட் தாளின் நகல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வீடு மாறியிருந்தால், பாதுகாவலர் மாறியிருந்தால், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு இனிஷியலும் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்ச் சொல்லிச் சரிசெய்யுங்கள். பதினெட்டு ஆன பிறகு அலைந்துகொண்டிருந்தால் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் காத்திருக்காது.