மடியில் குதிக்கும் தாளம்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் பெண்ணுக்கு எட்டு மாதம். எனக்கும் பாட வராது, அவருக்கும் வராது. மாமியார் தினமும் வீணை இசை போடச் சொல்கிறார். ஆபீஸ் தோழி ஏதோ ஒரு செயலிக்குப் பணம் கட்டச் சொல்கிறாள். குழந்தைக்கு இசையில் நாட்டம் வர எதைப் போட்டுக் காட்டுவது?"

எதைப் போட்டாலும் சரிதான். பாட்டு ஓடும்போது குழந்தை எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். பாயில் தனியாகக் கிடக்கிறதா, உங்கள் மடியில் குதிக்கிறதா?

ஒலி காதுக்குள் போகும் கதை பள்ளியில் படித்ததுதான். செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள், நத்தைக்கூடு போல் சுருண்ட காக்ளியா, அங்கிருந்து நரம்பு வழியாக மூளை. கருவின் கடைசி மூன்று மாதங்களில் இந்த ஏற்பாடு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஆனால் வயிற்றுக்குள் போகும் ஒலியில் கீழ்ச்சுருதிதான் நன்றாகக் கடக்கும். கிணுகிணு என்ற மேல்சுருதி பெருமளவு மங்கிவிடும். எனவே வளைகாப்பு வளையல் சத்தம் குழந்தையின் மூளையை வளர்க்கிறது என்று சுற்றிவரும் செய்தியைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். வளைகாப்பை ஒதுக்க வேண்டாம், கலந்த சாதத்துக்காகவே அது வேண்டும்.

பிறந்த குழந்தைக்குத் தாளம் தெரியுமா? ஓரளவு தெரியும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது டிரம் ஒலியை ஒலிக்கவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். சுழற்சியின் முதல் அடி விழ வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டால், தூக்கத்திலும் மூளை 'எங்கே காணோம்?' என்று துணுக்குற்றது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2005-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செய்தவர்கள் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வர், லாரல் ட்ரெய்னர். அழுத்தமே இல்லாத ஆறு அடிச் சந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். நம் வழக்கத்தில் சொன்னால், ஆறை 'தக தக தக' என்றும் பிரிக்கலாம், 'தகிட தகிட' என்றும் பிரிக்கலாம். ஒலியில் எந்தக் குறிப்பும் இல்லை, பிரிப்பது கேட்பவர் பாடு. ஏழு மாதக் குழந்தைகளை இரண்டு நிமிடம் கையில் வைத்துக் குதிக்க வைத்தார்கள். பாதிப் பேரை இரண்டாவது அடிக்கு ஒருமுறை, மீதிப் பேரை மூன்றாவது அடிக்கு ஒருமுறை. எல்லோரும் கேட்டது ஒரே சந்தம்.

அப்புறம் அழுத்தம் சேர்த்த இரண்டு வடிவங்களையும் ஒலிக்கவிட்டார்கள். இரண்டிரண்டாகக் குதித்த குழந்தைகள் 'தக தக தக'வை அதிக நேரம் கேட்டன, மூன்று மூன்றாகக் குதித்தவை 'தகிட தகிட'வை. கண்ணைக் கட்டிவிட்டுக் குதிக்க வைத்தாலும் இதே முடிவு. ஆனால் பெரியவர் ஒருவர் குதிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் இல்லை. அதாவது குழந்தை தாளத்தைத் தன் உடம்பு ஆடிய கணக்கில் கேட்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? காக்ளியாவை ஒட்டியே, அதே எலும்புக் குகைக்குள், சமநிலை உறுப்பும் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழாய்கள், கூடவே இரண்டு சிறு பைகள். பைகளுக்குள் கூழ் போன்ற ஒரு படலம், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள். மெரினாவில் கிடக்கும் கிளிஞ்சல் எதனால் ஆனதோ, அதே கால்சியம் கார்பனேட். உடம்பு மேலே எழும்பும்போது கனமான இந்தப் படிகங்கள் ஒரு நொடித் துணுக்கு பின்தங்கும். பின்தங்கும்போது அடியிலுள்ள மயிர்ச்செல்களை வளைக்கும். வளைந்த செல் மின்குறிப்பை அனுப்பும். காக்ளியாவில் ஒலியைப் பிடிப்பதும் இதே குடும்பத்து மயிர்ச்செல்கள்தான். இரண்டின் நரம்பும் சேர்ந்து எட்டாவது மூளை நரம்பாகப் போகின்றன. ஒவ்வொரு குதிப்பிலும் 'இப்போது' என்று சொல்லும் குறிப்பும், அதே கணத்து அடியின் ஒலியும் சேர்ந்து போகின்றன. பெரியவர்களிடம் காதுக்குப் பின்னால் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, உடம்பு அசையாமலே சமநிலை நரம்பைக் கிள்ளியபோதும் அழுத்தம் கேட்கும் இடம் மாறியது என்பது ட்ரெய்னர் குழுவின் 2009 முடிவு. படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தை தலையாட்டித் தவழப் பார்ப்பதைச் செங்கீரை என்றும், கைகொட்டுவதைச் சப்பாணி என்றும், பறை தட்டுவதைச் சிறுபறை என்றும் தனித்தனிப் பருவமாக்கிவிட்டார்கள். உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். குழந்தையை ஊன்றிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

இன்னொரு ஆய்வு நம்மூருக்கு நெருக்கமானது. எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியின் ஏழடித் தாளங்களை வட அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். தாளம் தப்பினால் ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன, பெரியவர்கள் கோட்டைவிட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் குழந்தைகளும் பெரியவர்கள் கட்சிக்கு மாறிவிட்டன. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்த இசையைக் கேட்டதும் திறமை திரும்பியது. பெரியவர்களுக்கு அப்படித் திரும்பவில்லை. ஏழடி நமக்கு மிஸ்ர சாபு, 'தகிட தகதிமி'. மயிலாப்பூரில் தாத்தா முழங்காலில் பேரனை வைத்துக்கொண்டு இதைச் சொல்லி ஆட்டினால் ஓராண்டில் அந்தக் கதவு மூடுமா? சென்னையில் செய்ய வேண்டிய சோதனை இது. மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன சி.வி. ராமன் மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்த நாடு இது. சோதனைக்கு வேண்டியது ஓர் அமைதியான அறை, ஒலிபெருக்கி, பொறுமையான அம்மாக்கள். ராக்கெட்டுக்கு ஆகும் செலவில்லை. ஆனாலும் குழந்தைகளின் தாள உணர்வை ஆராயப் பணம் கேட்டுப் போனால், 'இதனால் என்ன பயன்' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் செயலி விஷயம். 'மோட்சார்ட் கேட்டால் புத்தி வளரும்' என்ற வியாபாரம் 1993-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சின்னச் சோதனையிலிருந்து கிளம்பியது. அதில் தெரிந்தது சில நிமிடங்களில் கரைந்துபோன ஒரு முன்னேற்றம் மட்டுமே. குழந்தைகள் அதில் இல்லவே இல்லை.

ஆகவே பாட வராவிட்டால் கவலை வேண்டாம். கானாவோ ராஜாவோ, உங்களுக்குப் பிடித்ததைப் போட்டு, கழுத்தும் தலையும் நன்றாகத் தாங்கும்படி பிடித்துக்கொண்டு மெதுவாக ஆட்டுங்கள்; வேகமாகக் குலுக்கக் கூடாது. குழந்தை தானாக ஆடும்போது தாளம் தப்பினால் திருத்தாதீர்கள், இந்த வயதில் தப்பத்தான் செய்யும். ஹெட்போன் வேண்டாம். கூப்பிட்டால் திரும்பவில்லை, சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால் பாட்டை விட்டுவிட்டு முதலில் செவித்திறன் சோதனைக்குப் போங்கள்.

உட்காரத் தொடங்கிவிட்டாள் என்றால் கவிழ்த்த எவர்சில்வர் டப்பாவும் மரக்கரண்டியும் போதும். மதியத்தில் மட்டும் கரண்டியை எடுத்து மேலே வைத்துவிடுங்கள், கீழ்வீட்டுக்காரரும் தூங்க வேண்டுமல்லவா.