ஃபேனை நிறுத்திவிட்டுக் காயவையுங்கள்

போன சித்திரையில் ஒரு மாணவி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்தோடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த தங்க நானோ துகள்கள், படத்தில் கொட்டிய கேழ்வரகு மாதிரி தாறுமாறாகக் கிடந்தன.

"எப்படிம்மா காயவெச்ச?"

"ஃபேனுக்குக் கீழதான் சார்."

துகள்கள் மிதப்பது ஹெக்ஸேன் என்ற கரைப்பானில். வேலூர் வெயிலில் அதை ஒரு சொட்டு சும்மா வைத்தாலே பறந்துவிடும். அதில் ஃபேன் வேறு. வருடா வருடம் நான் பார்க்கிற தவறு இது.

நேதாஜி மார்க்கெட்டில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்குவது கடைக்காரர் கை. நானோ துகளை அடுக்க எந்தக் கையும் இல்லை. கரைப்பான் வற்ற வற்ற, துகள்கள் நெருங்குகின்றன. ஒன்று ஓரிடத்தில் உட்காரும், பொருந்தாவிட்டால் நகர்ந்து வேறிடம் பார்க்கும். ஒரே அளவுக் கோளங்களைத் தாறுமாறாகக் குவித்தால் இடத்தில் சுமார் 64 சதவீதம்தான் நிரம்பும், அதற்குள் எல்லாம் இறுகிவிடும். சீராக அடுக்கினால் 74 வரை நிரம்பும். அதனால் அதே நெருக்கத்திலும், வரிசையில் நிற்கும் துகளுக்கு அசைய இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. அந்த அசையும் இடத்துக்காகவே, ஒன்றையொன்று ஈர்க்காத துகள்கள்கூட வரிசைக்கு வருகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத இடம் இதுதான். ஆனால் இடம் மாறிப் பார்க்க அவற்றுக்கு நேரம் வேண்டும். ஃபேன் அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறது.

ஓபல் கல்லின் வண்ணஜாலமும் இதே கதைதான். சில நூறு நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா உருண்டைகள் பூமிக்குள் நிதானமாகப் படிந்து அடுக்கானவை. சாயம் எதுவும் இல்லை. ஆய்வகத்தில், 1995-லேயே வேதியியலாளர் பவெண்டியின் குழு காட்மியம் செலினைடு துகள்களை இப்படிப் படிகமாக அடுக்கிக் காட்டியது. குவாண்டம் புள்ளிகள் என்னும் இத்தகைய நானோ துகள்களுக்காக 2023-இல் நோபல் பெற்ற அதே பவெண்டிதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் அளவு. துகள்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால் எவ்வளவு பொறுத்தாலும் அடுக்கு வராது. அப்புறம், ஹெக்ஸேனுக்குப் பதில் மெதுவாக ஆவியாகும் ஆக்டேன் எடுங்கள். தட்டை மூடி, நூலளவு இடைவெளி விட்டு, ராத்திரி முழுக்கத் தொடாதீர்கள். அந்த மாணவி அப்படித்தான் செய்தாள். மறுபடம் வந்தபோது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆறு துகள்கள், தேன்கூடு மாதிரி.

மீந்த கரைப்பானைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள், கழிவுப் பாட்டிலில் சேருங்கள். தோல் கழிவால் நம் பாலாறு பட்டதே போதும்.