பேர் தெரியாத திராட்சைக் கொடிய வெட்டாதீங்க, அதுக்காக உடனே குச்சியும் ஒடிச்சுக் குடுக்காதீங்க

திராட்சை நாத்துப்பண்ணை, டிஷ்யூ கல்ச்சர் லேப்னு இதே தொழில்ல இருக்கறதால அடிக்கடி வர்ற போன் இதான், "சார், தாத்தா வச்ச கொடி ஒன்னு நிக்குது, என்ன ரகம்னே தெரியல, எடுத்துட்டு வேற நட்டுடலாமா?" எடுக்காதீங்க.

ஏன்னு கேட்டா நான் சொல்றது ஸ்பெயின்ல கட்டலோனியாவுல 1870ல இருந்து ஒயின் பண்ற டோரஸ் குடும்பத்தோட கதை. பிலாக்ஸெரான்னு வேர்ல சாறு உறிஞ்சற பூச்சி ஒன்னு, அமெரிக்காவுல இருந்து ஐரோப்பாவுக்கு வந்து, 1860கள்ல பிரான்ஸ்ல ஆரம்பிச்சு அப்புறம் கட்டலோனியா தோட்டங்களையும் காலி பண்ணிடுச்சு. நாம டாக்ரிட்ஜ்ங்கற ரூட்ஸ்டாக் (ஒட்டுக்கு அடியில வேரா நிக்கற செடி) மேல ஒட்டு கட்டறோம்ல, அப்படி அந்தப் பூச்சிய தாங்கற அமெரிக்க ரூட்ஸ்டாக் மேல ஒட்டு கட்டித்தான் திரும்ப நட்டாங்க, ஆனா நல்லா காய்க்கற, விலை போற சில ரகத்த மட்டும். மீதியெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னே நினைச்சுட்டாங்க.

1980கள்ல அந்தக் குடும்பத்து மிகேல் ஏ. டோரஸ் அந்த ஊர் பேப்பர்ல விளம்பரம் குடுத்தார், தோட்டத்துல பேர் தெரியாத கொடி இருந்தா சொல்லுங்கன்னு. விவசாயிங்களும் கூப்பிட ஆரம்பிச்சாங்க. இலைய பார்த்து, டிஎன்ஏ ஒப்பிட்டு, வைரஸ் நீக்கி, நட்டு, கொஞ்சமா ஒயின் போட்டுப் பார்த்துன்னு ஒரு ரகத்துக்கே பல வருஷம் ஆகும். 50க்கு மேல ரகம் கிடைச்சுது, ஆனா ஒயினுக்கு தேறினது கொஞ்சம்தான், பழசுன்னாலே உசத்தின்னு பேசறவங்க இத கவனிக்கணும். தேறினதுல மோனேயு வெயிலையும் வறட்சியையும் தாங்குது, ஃபோர்காடா லேட்டா பழுக்கற வெள்ளை ரகம், சூடு ஏறினாலும் புளிப்ப விடாது. இப்ப இருக்கற வெயிலுக்கு அவங்களுக்கு இதவிட என்ன வேணும்?

இப்ப எங்க வேலைக்கு வர்றேன். திராட்சைய குச்சிலதான் பெருக்கறோம், அதனால தாய்க்கொடில வைரஸ் இருந்தா அத்தனை கன்னுக்கும் அது போகும். லீஃப்ரோல் வைரஸ் வந்த கருப்பு ரகத்துல அறுவடை நெருங்கறப்ப அடி இலைய பாருங்க, ஓரம் கீழ்ப்பக்கமா சுருண்டு, இலை செவந்து, நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், பார்க்க அழகாத்தான் இருக்கும், பழத்துல இனிப்பு ஏறாது. வெள்ளை ரகத்துல இவ்வளவு தெளிவா தெரியாது, ரூட்ஸ்டாக்ல பெரும்பாலும் ஒன்னுமே தெரியாது. மருந்தடிச்சு போகாது, மாவுப்பூச்சி வேற பக்கத்து கொடிக்கு கொண்டுபோகும். லேப்ல நாங்க துளிர் நுனில அரை மில்லிமீட்டர் கூட இல்லாத துண்ட மைக்ரோஸ்கோப்புல வச்சு வெட்டி வளர்க்கறது இதுக்குத்தான், அந்த நுனிக்கு வைரஸ் பெரும்பாலும் போயிருக்காது, அப்பவும் டெஸ்ட் பண்ணாம வெளிய குடுக்க மாட்டோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல பெரும்பாலும் அந்த ஒரே ரகம்தான், ஒரு நோய் புடிச்சா எல்லாருக்கும் ஒரே நேரத்துல அடி. அதனாலதான் வேலி ஓரத்து கொடியையும் விட்டுவைங்கன்னு கேக்கறேன்.

அப்படி இருந்தா டேக் கட்டுங்க. துளிர் நுனி, கிளை நடுவுல இருக்கற முத்தின இலை, குலை, இந்த மூணையும் போட்டோ எடுத்து பக்கத்துல இருக்கற தோட்டக்கலை ஆளுங்ககிட்ட காட்டுங்க. டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் மச்சான் கேட்டாலும் குச்சி குடுக்காதீங்க.